சூட்டுக்குப் பேசிய பேரம்

விராலிமலையில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கும் வெள்ளைச்சாமி, யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் கொஞ்சம் காற்று அடைத்திருக்கும் என்று நம்புகிறவர். காற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் காதிலேயே வாங்குவார். டாக்டர் மூன்று வேளை மாத்திரை என்றால் இவர் இரண்டு வேளை போடுவார். மூன்று என்று சொன்னால்தான் நாம் இரண்டையாவது போடுவோம் என்பது டாக்டருக்குத் தெரியாதா என்பது அவருடைய வாதம். கண்டக்டர் ‘இந்தா எடுத்தாச்சு’ என்று கத்தினால் ஒரு டீ சொல்லிவிட்டு நிதானமாக உட்காருவார். இந்தப் பழக்கத்தால் பெரிய நட்டம் என்று சொல்ல எதுவும் வந்ததில்லை. இரண்டொரு தடவை பஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் மனைவி சொர்ணவல்லி மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். “பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா எனக்கு இருபத்திரெண்டு வயசுன்னாரு. இந்த மனுசன் இருபத்தஞ்சுன்னு மனசுல போட்டுக்கிட்டாரு. அன்னையிலேர்ந்து இந்த வீட்ல எனக்கு மூணு வயசு கூடத்தான் ஓடுது” என்பாள்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த இளமதி, சொன்ன எண்ணைச் சொன்னபடியே நம்ப வேண்டிய படிப்பைப் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, மண்டிக் குடோனில் பாதியைத் தடுத்து ஒரு ஆய்வகம் போட்டாள். வெள்ளை டைல்ஸ், கண்ணாடிக் கதவு, ஏசி. சுவருக்கு இந்தப் பக்கம் சோள மூட்டை, தூசி, லோடுமேன்கள். அந்தப் பக்கம் செருப்புப் போட்டுக்கொண்டு போனால்கூடத் திட்டு விழும்.

அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்காகவாவது வெள்ளைச்சாமி அதைப் புரிந்துகொள்ளப் பார்த்தார்.

“நம்ம சோளத்துல இருக்கிற ஸ்டார்ச்சை எடுத்து, இனோசிட்டால்னு ஒரு பொருளா மாத்துறோம்ப்பா. வெள்ளைப் பொடி. மாத்திரையில போடுவாங்க, கொழந்தைங்க பால் பவுடர்ல போடுவாங்க” என்றாள் இளமதி.

“யாரு மாத்துறா? மெசினா?”

“நொதி. நாலு நொதி வரிசையா நின்னு, ஒண்ணு கைமாத்த அடுத்தது வாங்கி, மாத்தி மாத்திக் கொண்டுபோயிடும். அந்த நாலும் வெந்நீர் ஊத்துல வாழுற கிருமிங்களோடது. சூடு தாங்கும்.”

“அந்தக் கிருமியக் காட்டு பாப்போம்.”

“அது இங்க இல்லப்பா. அந்த நொதியச் செய்யிற சூத்திரத்தை மட்டும் எடுத்து ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள்ள வச்சிருக்கு. அது வளந்து, நமக்காக அந்த நொதியச் செஞ்சு வச்சுக்கிட்டு இருக்கும்.”

“அப்ப இது அதுக்கு ஏஜெண்டு.”

“கிட்டத்தட்ட.”

ஏஜெண்டு என்ற சொல் கிடைத்ததும் வெள்ளைச்சாமிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே அது போய்விட்டது. நொதி தயாரானதும் அந்தப் பாக்டீரியாவை உடைத்துக் கரைத்துச் சூடு காட்ட வேண்டுமாம். ஏஜெண்டின் சொந்தச் சரக்கெல்லாம் சூடு தாங்காமல் பால் திரிகிற மாதிரி திரிந்து கட்டியாக ஒதுங்கிவிடுமாம். வெந்நீர் ஊற்றுச் சரக்கு மட்டும் தெளிந்த தண்ணீரில் அப்படியே நிற்குமாம்.

“ஏஜெண்ட கொன்னுட்டா வேலைய யாரு பாக்குறது?”

“நொதி பாக்கும். அது சாகாது. அதுக்கு உசுரே கெடையாது.”

“உசுரில்லாதது எப்புடி வேலை பாக்கும்?”

“ஒங்க தராசுக்கு உசுரு இருக்கா?”

“தராசு தானா நிறுக்கல தாயி. பக்கத்துல நான் நிக்கிறேன்.”

இளமதி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் போனால் தானே குழம்பிவிடுவோம் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

சூடு காட்டும் தொட்டி மட்டும் மண்டிப் பக்கத்தில் இருந்தது. அது இழுக்கிற மின்சாரத்துக்கு மும்முனை இணைப்பு வேண்டும். அது மண்டியில்தான் இருந்தது. எவர்சில்வர் தொட்டி, உள்ளே வெந்நீர், அதற்குள் மூடி போட்ட பாத்திரம், பக்கத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எந்நேரம் எவ்வளவு சூடு இருந்தது என்று தானே பதிந்துவைக்கிற மீட்டர் ஒன்றும் அவள் கேட்டிருந்தாள். சாமான் பட்டியலில் பத்துச் சாமான் இருந்தால் ஒன்று அதிகப்படிதான் என்ற முறையில் வெள்ளைச்சாமி அதை அடித்துவிட்டார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் பிராங்க்ளின். ஆவூர்க்காரர், மண்டியில் வெகுகாலமாக வெள்ளைச்சாமிக்கு வலது கை. மூட்டை, லாரி, சாவிக்கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. இளமதி கையுறை, தலையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்துவிட்டால் வேலை முடியும்வரை வெளியே வர மாட்டாள். உள்ளிருந்து அப்பாவுக்குப் போன் போடுவாள். அப்பா பிராங்க்ளினிடம் சொல்வார். மண்டியில் எந்த உத்தரவும் முதலாளி வாயால் போனால்தான் செல்லும் என்பதால் அப்படியே பழகிவிட்டது.

முதன்முதலாகச் சின்ன அளவில் செய்து பார்த்த அன்று போன் வந்தது. “அப்பா, எழுபது டிகிரி, அரை மணி நேரம். பிராங்க்ளின் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

வெள்ளைச்சாமி போனை வைத்தார். எழுபது. அவர் மகள்தான், ஆனாலும் எழுபது என்று வாய் சொன்னால் மனசில் அறுபது இருக்கிறது என்றுதானே அர்த்தம். பாவம், உள்ளே இருக்கிற நல்ல சரக்கும் சேர்ந்து வெந்து போய்விட்டால்? பிராங்க்ளினைக் கூப்பிட்டார். “ஏப்பா, அறுபது வையி. அரை மணி நேரம்.” நேரத்தில் அவர் கை வைக்கவில்லை. எல்லாவற்றிலும் குறைப்பது நியாயமில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார்.

மறுநாள் இளமதி மாதிரியைத் திருச்சிக்கு எடுத்துப்போய் ஒரு கல்லூரியில் இருக்கிற கருவியில் சோதித்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வருகிறபோதே போன் போட்டுக் கத்தினாள். அருமையாக வந்திருக்கிறதாம். நாலு நொதியும் குதிரை மாதிரி ஓடுகிறதாம். வெள்ளைச்சாமி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மீசையை மட்டும் ஒரு தடவை தடவிக்கொண்டார். எழுபதாம், எழுபது.

அதன் பிறகு விஷயம் பெரிதானது. சென்னையில் மாத்திரை செய்கிற கம்பெனி ஒன்று பெரிய அளவில் செய்து காட்டச் சொன்னது. செய்து காட்டினால் ஆர்டர். இன்னொரு பக்கம் ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி இளமதியை வேலைக்கு வரச்சொல்லி இருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“பெருசா ஒரு தடவை சரியா வந்துட்டா இங்கயே இருந்துருவேன்” என்றாள் சாப்பிடும்போது. “இல்லைன்னா போக வேண்டியதுதான். உறைபெட்டியில மூணு வேளைக்கு, மூணு தடவை செஞ்சு பாக்க, பாக்டீரியா வச்சிருக்கேன். அதுக்குள்ள வரணும்.”

“போனா போகட்டும். குடோன் சும்மாதான கெடக்கும், மூட்டை அடுக்கிக்கலாம்” என்றார் வெள்ளைச்சாமி. சொல்லிவிட்டுச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். சொர்ணவல்லி அந்தத் தட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெரிய அளவில் முதல் வேளை செய்கிற காலையில் வெள்ளைச்சாமி வழக்கத்துக்கு முன்பே மண்டிக்கு வந்துவிட்டார். போன் வந்தது. எழுபது டிகிரி, அரை மணி நேரம். வழக்கம்போலக் குறைக்க வாயெடுத்தார். ஆனால் குறைத்து ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கப்புறம் மகள் இல்லாமல் மூட்டைக்கு மத்தியில் எப்படி உட்கார்ந்திருப்பது? வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட எண்ணைக் கேட்டபடியே சொன்னார்.

“பிராங்க்ளின், எழுபது வையி.”

பிராங்க்ளின் ஒரு கணம் அவரைப் பார்த்தார். “சரிங்க மொதலாளி.”

வரவில்லை. தெளிந்த தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, ஸ்டார்ச்சில் விட்டால் பாதி வழியில் நின்றுவிட்டது. நாலு நொதியில் ஏதோ ஒன்று வேலையே செய்யவில்லை என்றாள் இளமதி. நாலு பேர் கைமாற்றுகிற இடத்தில் ஒருவன் படுத்துவிட்டால் சரக்கு அங்கேயே தேங்குகிற மாதிரி.

“எழுபதுதான வச்சீங்க?”

“நீ சொன்னதத்தான் சொன்னேன். அந்த மலை மேல இருக்கிற முருகன் சாட்சியா.”

இந்த முறை அது சத்தியமான வார்த்தை. அதனால்தான் அவருக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. பொய் சொன்னபோது வந்தது. உண்மை சொன்னபோது வரவில்லை. அன்று மத்தியானம் வியாபாரத்துக்கு வந்த ஒரு ஆளிடம் இவரே இரண்டு தடவை விலையை மாற்றிச் சொல்ல, வந்தவர், “மாமா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

யோசித்து யோசித்து வெள்ளைச்சாமி ஒரு முடிவுக்கு வந்தார். அறுபதுதான் சரி. மகள் படித்தவள், புத்தகத்தில் எழுபது போட்டிருக்கிறார்கள், அவள் சொல்கிறாள். புத்தகம் எழுதினவனும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பான். முதல் தடவை அறுபதில் குதிரை மாதிரி ஓடியதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த வேளை அன்று பிராங்க்ளின் ஊரில் இல்லை. ஆவூர் மாதா கோவிலில் தேர்த் திருவிழா. தேர் இழுக்காமல் பிராங்க்ளினை இங்கே நிறுத்திவைக்க யாராலும் முடியாது. வெள்ளைச்சாமி தானே போய்த் தொட்டியில் அறுபது வைத்தார். அரை மணி நேரம் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்து, அறுபதுக்கு ஒரு நூல் ஏறாமல் இறங்காமல் காவல் காத்தார். முடிந்ததும் திருகைப் பழையபடி நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார்.

அதுவும் வரவில்லை. ஆனால் வேறு மாதிரி வரவில்லை. இந்தத் தடவை தண்ணீரே தெளியவில்லை, கஞ்சி மாதிரி மங்கலாக நின்றது. பாக்டீரியாவின் சொந்தச் சரக்கில் பாதி திரியாமல் உள்ளேயே கிடந்து, நொதிகள் செய்து வைக்கிற சர்க்கரையை நடுவிலேயே தின்றுவிட்டது என்றாள் இளமதி.

வெள்ளைச்சாமிக்குக் குழப்பம் இன்னும் கூடியது. அறுபது வைத்தால் வந்தது. அறுபது வைத்தால் வரவில்லை. எழுபது வைத்தாலும் வரவில்லை. அப்படியானால் எதுதான் வைப்பது? எந்த வியாபாரத்திலும் இப்படி ஒரே விலைக்கு ஒருநாள் கொடுத்து மறுநாள் மறுக்கிற சரக்கை அவர் பார்த்ததில்லை.

மகளின் குழப்பம் அதைவிட மோசம். அவளுக்குத் தெரிந்தவரை எல்லாத் தடவையும் எழுபது. ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை நொதி சாகிறது, ஒரு தடவை ஏஜெண்டு சாக மாட்டேன் என்கிறது. ஒரே சூட்டில் இரண்டும் எப்படி நடக்கும்? இரண்டு வருட உழைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசுவதையே விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் தோசையைப் பிய்த்தபடி சொன்னாள்:

“என் நொதி சரியில்லம்மா. சூடு தாங்கும்னு நான் நெனச்சதே தப்பு. சென்னைக்காரங்களுக்கு இன்னிக்கு அதைச் சொல்லிட்டு ஹைதராபாத்துக்கு சரின்னு எழுதிடுறேன்.”

“இன்னும் ஒரு வேளைக்கு இருக்குன்னியே?” என்றாள் சொர்ணவல்லி.

“எதுக்கும்மா? என்ன தப்புன்னே தெரியாம மறுபடி அதையே செஞ்சா என்ன வரும்?”

வெள்ளைச்சாமி பாதி தோசையில் எழுந்தார். “எத்தனை மணிக்கு எழுதப் போற?”

“மத்தியானம்.”

அவள் மத்தியானம் என்றால் பதினொரு மணி என்று எடுத்துக்கொண்டு மண்டிக்கு ஓடினார்.

பிராங்க்ளின் திருவிழாவிலிருந்து தோள் வீங்கி வந்திருந்தார். தேர் வடம் பிடித்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, அந்த எழுபது வச்ச அன்னிக்கு தொட்டியில ஏதும் கோளாறு இருந்துச்சா?”

“எழுபதா? எண்பதுல்ல வச்சேன்.”

வெள்ளைச்சாமி அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்தார். “எண்பதா? ஒன்கிட்ட யாரு எண்பது சொன்னா?”

“நீங்கதான் மொதலாளி. எழுபதுன்னீங்க.”

“எழுபதுன்னா எழுபதுதான வைக்கணும்?”

பிராங்க்ளின் எண்ணெய்க் கையோடு அவரை விநோதமாகப் பார்த்தார். “என்ன மொதலாளி புதுசா கேக்குறீங்க? நீங்க அம்பது மூட்டைய எடுத்து வையின்னா நான் அறுபது எடுத்து வைப்பேன். வர்ற பார்ட்டி அறுபதுதான கேப்பான்? நாலு மணிக்கு லாரின்னா நான் அஞ்சுக்குத்தான் ஆளைக் கூப்புடுவேன். நீங்க கொறைச்சுத்தான் சொல்லுவீங்க, நான் கூட்டித்தான் வைப்பேன். நாம இப்புடித்தான இத்தனை காலம் ஓட்டுறோம்?”

“நாம?”

“நாமதான். அந்த மொத நாளு அறுபதுன்னீங்க. பாப்பா எழுபது சொல்லியிருக்கும்னு எழுபது வச்சேன். நல்லா வந்துச்சுல்ல?”

லோடுமேன் இரண்டு பேர் மூட்டையை இறக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்று கேட்டார்கள். வெள்ளைச்சாமிக்கு ஒன்று மட்டும் மெல்லப் புரிந்தது. புரிந்தது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. தன் கணக்கு இதுவரை தப்பியதே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தது, இந்த ஆள் பின்னால் நின்று பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே வந்ததால்தான்.

“இத ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க இன்னும் கொறைப்பீங்களே.”

வெள்ளைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஒரு தடவை உதறிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தட்டினார். உள்ளே இளமதி கணினி முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் கடிதம் பாதி நின்றது.

“அம்மாடி, ஒன் நொதி நல்ல நொதி.”

“அப்பா, ஆறுதல் வேண்டாம்.”

“ஆறுதல் இல்ல. மொத தடவை நீ எழுபது சொன்ன. நான் அறுபது சொன்னேன்.”

இளமதி திரும்பினாள். “என்ன?”

“பிராங்க்ளின் அத எழுபதா ஆக்கிட்டான். ரெண்டாவது நான் எழுபதே சொன்னேன். அவன் எண்பது ஆக்கிட்டான். மூணாவது நானே அறுபது வச்சேன், அவன் இல்ல, கூட்டுறதுக்கு ஆளில்ல.”

அவள் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். எழுபது, வந்தது. எண்பது, ஒரு நொதி செத்தது. அறுபது, ஏஜெண்டு சாகவில்லை. மூன்றும் சரியாக உட்கார்ந்தது. முகத்தில் சிரிப்பு வரப்போகிறது என்று வெள்ளைச்சாமி எதிர்பார்த்தார். வந்தது அழுகை. பிறகு கோபம்.

“மூணு நாளா நான் தூங்கலப்பா. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேன். சூட்டுக்குப் போய் பேரம் பேசுவீங்களா? அது சோளமா?”

“கூடச் சொல்லிருப்பேன்னு…”

“நான் எப்ப கூடச் சொன்னேன்? பொறந்ததுலேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க, எப்ப?”

அவர் யோசித்தார். பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்றெட்டு மார்க் என்று ஓடிவந்தாள். எண்பத்தெட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முதுகில் தட்டினார். தொண்ணூற்றெட்டுதான் இருந்திருக்குமோ? இப்போது அதைக் கேட்கிற நேரமா என்று புரியாமல் நின்றார்.

சத்தம் கேட்டு வந்த சொர்ணவல்லி கதவோரம் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும், “எனக்கு மூணு வயசக் கூட்டுனப்பவே இந்த மனுசன நிறுத்தியிருக்கணும்” என்றாள்.

“நீங்க ரெண்டு பேரும் வெளிய” என்றாள் இளமதி, அப்பாவையும், கதவருகே எட்டிப் பார்த்த பிராங்க்ளினையும் காட்டி. “இன்னியிலேர்ந்து அந்தத் திருகைத் தொடக் கூடாது. தொட்டிப் பக்கம் நடமாடவே கூடாது.”

கடைசி வேளையை அவளே செய்தாள். கையுறையோடு உள்ளேயும் வெளியேயும் ஓடினாள். அம்மாவை வாசலில் நிறுத்தி, தொட்டி காட்டுகிற எண்ணை அப்படியே சத்தமாகப் படிக்கச் சொன்னாள். சொர்ணவல்லி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “எழுபது. எழுபது. இப்பவும் எழுபதுதான்டி.” வெள்ளைச்சாமியும் பிராங்க்ளினும் ரோட்டோர டீக்கடையில் ஒதுங்கி நின்றார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டதா இல்லையா என்று இரண்டு பேருக்கும் அங்கேயும் ஒரு தகராறு.

திருச்சியிலிருந்து முடிவு வந்த அன்று சென்னைக்காரர்களே போன் செய்தார்கள். இளமதி ஒலிபெருக்கியில் போட்டாள். வாசலில், திறந்த கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், வெள்ளைச்சாமி நின்றார்.

“சுத்தம் எவ்வளவு வந்துருக்குங்க மேடம்?” என்றது கொள்முதல் அதிகாரியம்மாவின் குரல்.

“தொண்ணூத்தி ஒண்ணு.”

தொண்ணூற்று ஒன்று வந்திருந்தால் தொண்ணூற்றாறு என்றல்லவா சொல்ல வேண்டும்? இப்போது அந்தம்மா எண்பத்தைந்துக்கு இழுப்பாள். வெள்ளைச்சாமி கையைக் காலை ஆட்டி மகளுக்குச் சைகை செய்தார். மகள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“நல்லது. எங்களுக்கு அது போதும். அனுப்பி வைங்க, ஆர்டர் போட்டுடுறோம்.”

போன் நின்றது. வெள்ளைச்சாமி அடுத்த பேச்சுக்காகக் காத்திருந்தார். அடுத்த பேச்சு வரவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அந்தம்மா கொறைக்கவே இல்லியே?”

“எதைக் கொறைக்கணும்?”

ஒரு பெரிய விஷயம் முடிந்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை, யாரும் எழுந்துபோகிற மாதிரி நடிக்கவில்லை, திரும்பக் கூப்பிடவில்லை. இப்படியும் ஒரு ஊரில் வியாபாரம் நடக்கிறதா?

“அப்ப ஹைதராபாத்து?”

“போகலப்பா. எழுதிட்டேன்.”

“போகலையா?”

“போகல.”

“எத்தனை மாசத்துக்கு?”

“அப்பா, கதவச் சாத்துங்க. தூசி வருது.”

அவர் கதவைச் சாத்தினார். மண்டிக்கு வந்து மூட்டைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிராங்க்ளின் பக்கத்தில் வந்தார்.

“என்ன மொதலாளி, பாப்பா என்ன சொல்லுச்சு?”

“போகலையாம்.”

“நெசமாவா?”

வெள்ளைச்சாமி கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே மகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியலப்பா” என்றார். “அவ அப்புடியேதான் சொல்றா.”